பச்சை விளக்கு எரிந்தும் பேச்சு போகாத லிங்க்: ஒருவழிப் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி

சுவிட்ச் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்தால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான்: எதிர்முனையில் இருந்து நமக்குச் சிக்னல் வருகிறது. நாம் அனுப்புவது அங்கே போய்ச் சேர்கிறதா என்பதை அந்த விளக்கு சொல்லாது. போனில் அவர் பேசுவது நமக்குத் தெளிவாகக் கேட்கும், நாம் பேசுவது மட்டும் அவருக்குப் போகாது, "கேக்குதா, கேக்குதா" என்று ஒருவர் கேட்டபடி இருப்பார் அல்லவா, அதே நிலைதான். மனிதர்கள் அப்படிக் கேட்டுக்கொள்கிறார்கள். சுவிட்சுகள் தானாகக் கேட்டுக்கொள்வதில்லை, நாம்தான் கேட்க வைக்க வேண்டும்.

நான் இதை முதலில் சந்தித்தது இரண்டு கட்டடங்களை இணைத்த ஒரு லிங்கில். நடுவில் ஃபைபர், இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரின் வெளிச்சத்தைக் காப்பரின் மின்சிக்னலாகவும், திருப்பியும் மாற்றும் சின்னப் பெட்டி), அதிலிருந்து சுவிட்சுக்குக் காப்பர். இரண்டு பக்கமும் போர்ட் அப், எரர் கவுன்ட்டர் பூஜ்யம், ஆனால் பிங் போகவில்லை. ஐபி, விலான், ஃபயர்வால் என்று மேலே இருந்து கீழே தேடிக்கொண்டு வந்ததில் பாதி நாள் போய்விட்டது. கடைசியில் ஒரு பக்கத்துப் போர்ட்டில் வெளியே போகும் பாக்கெட் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்க, உள்ளே வரும் எண்ணிக்கை அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஃபைபரின் இரண்டு இழைகளில் ஒன்று போய்விட்டது. கன்வர்ட்டருக்கும் சுவிட்சுக்கும் இடையே இருக்கும் காப்பர் துண்டு நன்றாகவே இருந்ததால் சுவிட்சுக்கு எதுவும் தெரியவில்லை.

பிங் போகவில்லை என்பதோடு நின்றால் அது சின்னச் சேதம். மாற்றுப்பாதை இருக்கும் நெட்வொர்க்கில் இதே பழுது மொத்தத்தையும் படுக்க வைத்துவிடும். கோர், கிழக்கு, மேற்கு என்று மூன்று சுவிட்சுகளை முக்கோணமாக இணைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். கோர்தான் ரூட், அதாவது மற்றவை பாதையைக் கணக்கிடும் தலைமைச் சுவிட்ச். லூப் வராமல் இருக்க, மேற்கு சுவிட்ச் கிழக்கை நோக்கிய தன் போர்ட்டை ஸ்பேனிங் ட்ரீ (சுழல் வராமல் உபரிப் பாதைகளை அடைத்து வைக்கும் நெறிமுறை) மூலம் பிளாக் செய்து வைத்திருக்கிறது. அந்தப் போர்ட் பிளாக்கிலேயே இருப்பதற்கு ஒரே காரணம், கிழக்கில் இருந்து 2 விநாடிக்கு ஒருமுறை பிபிடியு, அதாவது ஸ்பேனிங் ட்ரீயின் செய்தி, வந்துகொண்டிருப்பதுதான். இப்போது கிழக்கிலிருந்து மேற்குக்கு வரும் இழை மட்டும் அறுந்து, லிங்க் அப் ஆகவே இருந்தால்? மேற்கு சுவிட்ச் 20 விநாடி காத்திருக்கும், எதிரில் யாரும் இல்லை என்று முடிவு செய்யும், லிசனிங் 15 விநாடி, லேர்னிங் 15 விநாடி முடித்து, 50ஆவது விநாடியில் போர்ட்டைத் திறந்துவிடும். மேற்கிலிருந்து கிழக்குக்குப் போகும் இழை நல்ல நிலையில் இருப்பதால் கோர், மேற்கு, கிழக்கு, மறுபடி கோர் என்று பிராட்காஸ்ட் ஒரே திசையில் சுற்ற ஆரம்பிக்கும். ஈதர்நெட் ஃபிரேமில் டிடிஎல் (இத்தனை தாவலுக்குப் பிறகு செத்துப்போ என்ற எண்) கிடையாது, அதனால் சுற்றுவது தானாக நிற்கவும் நிற்காது.

முதலில் வன்பொருள் எதைப் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா லிங்கும் இந்த அபாயத்தில் இல்லை. சில வகைகளில் ஃபிசிக்கல் லேயரே பழுதை எதிர்முனைக்குச் சொல்லிவிடும். 10 கிகாபிட் ஃபைபரில் ஒரு முனைக்கு வெளிச்சம் வரவில்லை என்றால் அது லோக்கல் ஃபால்ட் நிலைக்குப் போய், தன் பக்கமிருந்து ரிமோட் ஃபால்ட் என்று அனுப்பும், இரு பக்கமும் டவுன் ஆகிவிடும். 1 கிகாபிட் ஃபைபரில் அந்த வேலையை ஆட்டோ நெகோஷியேஷன், அதாவது இரு முனையும் தாமே பேசி லிங்க் அமைப்பை ஒத்துக்கொள்வது, செய்கிறது. பழைய 100 மெகாபிட் எஃப்எக்ஸ் ஃபைபரில் ஆட்டோ நெகோஷியேஷனே கிடையாது, அதற்குப் பதில் ஃபார் எண்ட் ஃபால்ட் என்று ஒரு வசதி உண்டு. வெளிச்சம் இழந்த முனை 84 ஒன்றுகளும் ஒரு பூஜ்யமும் கொண்ட ஒரு கோலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பி மற்றதை எச்சரிக்கும்.

காப்பரில் 1 கிகாபிட் என்றால் நான்கு ஜோடியும் இரு திசைக்கும் பயன்படுவதால் ஒரு ஜோடி அறுந்தாலே லிங்க் விழும், இல்லாவிட்டால் 100 மெகாபிட்டுக்கு இறங்கும். 100 மெகாபிட் காப்பரில் அனுப்ப ஒரு ஜோடி, வாங்க ஒரு ஜோடி என்று தனித்தனி. அங்கே ஆட்டோ நெகோஷியேஷன் ஓடினால் பிழைத்துக்கொள்ளலாம். யாரோ எப்போதோ ஒரு காரணத்துக்காக இரு பக்கமும் ஸ்பீட் 100, டூப்ளெக்ஸ் ஃபுல் என்று கையால் போட்டு வைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. ஃபைபரில் ஸ்பீட் நோநெகோஷியேட் போட்டு நெகோஷியேஷனை நிறுத்தி வைப்பதும் இதே கதைதான். இந்தக் கட்டுரையில் இருந்து ஒரே ஒரு வேலை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால், அப்லிங்க்குகளில் (சுவிட்சுகளை இணைக்கும் லிங்குகளில்) இப்படிக் கையால் போட்ட வேகம் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடி எடுத்துவிடுங்கள்.

சரி, இவ்வளவு இருந்தும் எது தப்பும்? மூன்று வகை தப்பும். ஒன்று, நடுவில் மீடியா கன்வர்ட்டரோ டிரான்ஸ்பாண்டரோ (வெளிச்சத்தை வேறு அலைநீளத்துக்கு மாற்றி அனுப்பும் பெட்டி) இருக்கும் லிங்க். சுவிட்ச் பேசுவது பக்கத்தில் இருக்கும் பெட்டியோடுதான், தொலைவில் இருக்கும் சுவிட்சோடு அல்ல. நல்ல கன்வர்ட்டர்களில் லிங்க் ஃபால்ட் பாஸ் த்ரூ என்று ஒரு வசதி இருக்கும், ஃபைபர் விழுந்தால் காப்பரையும் விழவைக்கும். பெட்டியின் ஓரத்தில் இருக்கும் டிப் சுவிட்சில் அது ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, பேட்ச் பேனலில் இழைகளை மாற்றிச் செருகியது. போர்ட் 1 அனுப்புவது எதிர்முனை போர்ட் 1க்குப் போகிறது, ஆனால் போர்ட் 1க்கு வருவது எதிர்முனை போர்ட் 2இல் இருந்து. எல்லா இழையிலும் வெளிச்சம் இருப்பதால் ஃபிசிக்கல் லேயருக்குக் குறையே தெரியாது. மூன்று, போர்ட்டின் மின்னணுப் பகுதியோ மென்பொருளோ உறைந்துபோய், வெளிச்சம் மட்டும் போய்க்கொண்டிருக்கும், ஃபிரேம் எதுவும் போகாது.

ஒற்றை இழையில் இரு திசையும் ஓடும் பைடி எஸ்எஃப்பிகள் (எஸ்எஃப்பி என்பது ஃபைபரைச் செருகச் சுவிட்சில் போடும் சிறு மாட்யூல்) பற்றியும் ஒரு வார்த்தை. இழை ஒன்றுதானே, அறுந்தால் இரண்டும் போகும் என்று நினைக்கத் தோன்றும். ஒரு திசை 1310 நானோமீட்டர், மறு திசை 1490 என்று அலைநீளம் வேறு. ஃபைபர் அளவுக்கு மேல் வளைந்தால் நீளமான அலை அதிகம் கசியும். அதனால் கேபிள் ட்ரேயில் ஓர் இடத்தில் இறுக்கி டை கட்டிவிட்டால் ஒரு திசை மட்டும் பலவீனமாவது நடக்கக்கூடியதே.

யூடிஎல்டி எப்படிக் கண்டுபிடிக்கிறது

மேலே சொன்ன மூன்று வகையையும் பிடிக்க சிஸ்கோ உருவாக்கியது யூடிஎல்டி, அதாவது யூனிடைரெக்ஷனல் லிங்க் டிடெக்ஷன், ஒருவழி லிங்கைக் கண்டுபிடிப்பது. சிஸ்கோவின் சொந்த நெறிமுறைதான் என்றாலும் 2008இல் ஆர்எஃப்சி 5171 என்ற பொது ஆவணமாக வெளியிட்டுவிட்டார்கள், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் படிக்கலாம். ஒவ்வொரு போர்ட்டும் "நான் இன்ன சுவிட்ச், இன்ன போர்ட்" என்று சொல்வதோடு, "எனக்குக் கேட்டது இன்னார் இன்னார்" என்று ஒரு பட்டியலையும் சேர்த்து அனுப்பும். எதிர்முனை அனுப்பும் பட்டியலில் என் பெயர் இருந்தால் நான் பேசுவது அங்கே கேட்கிறது. அவர் பேசுவது எனக்குக் கேட்கிறது, ஆனால் அவர் பட்டியலில் நான் இல்லை என்றால் ஒருவழி. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு போர்ட்டின் பெயர் இருந்தால் இழை மாறிச் செருகப்பட்டிருக்கிறது. நான் அனுப்பியதே எனக்குத் திரும்பி வந்தால் எங்கோ சுழல். இந்தத் தெளிவு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இது வெளிச்சத்தையோ மின்னழுத்தத்தையோ பார்க்கவில்லை, "நான் பேசியது உனக்குக் கேட்டதா" என்ற கேள்வியை நேராகக் கேட்கிறது.

இதில் நார்மல், அக்ரெசிவ் என்று இரண்டு முறை. நார்மல் முறையில் மேலே சொன்னது போல வெளிப்படையான சாட்சி கிடைத்தால் மட்டும் போர்ட் எர்ர்டிஸேபிள் ஆகும், அதாவது பிழை காரணமாகச் சுவிட்சே அதை மூடிவிடும். எதிர்முனை சும்மா மௌனமாகிவிட்டால், நிலை தெரியவில்லை என்று குறித்துக்கொண்டு லிங்கை விட்டுவைக்கும். அக்ரெசிவ் முறையில் மௌனமும் குற்றம்தான். ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த எதிர்முனை நின்றுபோனால் விநாடிக்கு ஒன்றாக 8 முறை கூப்பிட்டுப் பார்க்கும், பதில் இல்லாவிட்டால் போர்ட்டை மூடும். போர்ட் உறைந்துபோகும் வகைப் பழுதுக்கு, அதாவது இரு திசையும் செத்து விளக்கு மட்டும் எரியும் நிலைக்கு, அக்ரெசிவ்தான் வேண்டும். கவனிக்க வேண்டியது ஒன்று: எதிர்முனையை ஒருமுறைகூடப் பார்க்காத போர்ட்டை அக்ரெசிவ் மூடாது. புதிதாக இழுத்த லிங்க் முதல் நாளிலேயே ஒருவழியாக இருந்தால் அது காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம், நிலையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

போடும் முறை

சிஸ்கோ சுவிட்சின் குளோபல் கான்ஃபிக் நிலையில் (சுவிட்ச் முழுவதுக்கும் பொருந்தும் அமைப்பில்) கொடுக்க வேண்டியது:

யூடிஎல்டி எனேபிள்

அக்ரெசிவ் வேண்டுமானால் அதே இடத்தில் யூடிஎல்டி அக்ரெசிவ். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். இந்த ஒரு வரி ஃபைபர் போர்ட்டுகளுக்கு மட்டும்தான் பொருந்தும். காப்பர் போர்ட்டுகளை இது தொடவே தொடாது. நான் மேலே சொன்ன மீடியா கன்வர்ட்டர் லிங்கை எடுத்துக்கொள்ளுங்கள், சுவிட்சின் கண்ணுக்கு அது காப்பர் போர்ட், ஆனால் அபாயம் முழுக்க ஃபைபரின் அபாயம். குளோபலாகப் போட்டாயிற்று, பாதுகாப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம், மிகவும் தேவைப்படும் இடத்தில் அது இருக்காது. காப்பருக்கு இன்டர்ஃபேஸ் உள்ளே போய்த் தனியாகக் கொடுக்க வேண்டும்:

யூடிஎல்டி போர்ட்

அல்லது யூடிஎல்டி போர்ட் அக்ரெசிவ். சிஸ்கோவின் நெக்ஸஸ் வகைச் சுவிட்சுகளில் முதலில் ஃபீச்சர் யூடிஎல்டி என்று கொடுத்தால்தான் மற்றதெல்லாம் வரும், அங்கேயும் ஃபைபருக்குத் தானாக வரும், காப்பருக்கு நாம் போட வேண்டும். எந்தச் சுவிட்சானாலும் இரு முனையிலும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் கேள்வி கேட்பவர் இருப்பார், பதில் சொல்ல ஆள் இருக்காது.

எல்லாக் காப்பர் போர்ட்டிலும் போட வேண்டுமா என்றால், வேண்டாம். கம்ப்யூட்டரும் பிரிண்ட்டரும் யூடிஎல்டி பேசுவதில்லை. சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் நடுவே இருப்பவை, அதிலும் குறிப்பாகக் கன்வர்ட்டர் வழியாகப் போகிறவை, இவற்றுக்குப் போதும்.

அடுத்தது நேரக் கணக்கு. செய்திகளுக்கு இடையே இயல்பான இடைவெளி 15 விநாடி, எதிர்முனை பற்றிய தகவல் காலாவதியாக அதன் மூன்று மடங்கு, அதாவது 45 விநாடி. அக்ரெசிவ்வின் 8 விநாடியையும் சேர்த்தால் 53. பழைய ஸ்பேனிங் ட்ரீ போர்ட்டைத் திறக்க எடுத்துக்கொள்வது 50. லூப் வந்த பிறகு காவல்காரர் வருவதில் பயன் இல்லை. ரேபிட் ஸ்பேனிங் ட்ரீயில், அதாவது அதன் வேகமான புதிய வகையில், நிலைமை இன்னும் நெருக்கடி. 2 விநாடிக்கு ஒன்றாக வரும் பிபிடியு மூன்று தவறினால், அதாவது 6 விநாடியில், எதிர்முனை போய்விட்டதாக முடிவு செய்யும். ஒருவழி லிங்கில் எதிர்முனையின் ஒப்புதல் திரும்பி வராது என்பதால் அதற்குப் பிறகு போர்ட்டைத் திறக்க 15 விநாடி கொண்ட இரண்டு காத்திருப்புகள் (ஃபார்வர்ட் டிலே), 30 விநாடி, ஆகும். மொத்தம் 36. அதனால் நான் இடைவெளியை 7 ஆக வைப்பேன்:

யூடிஎல்டி மெசேஜ் டைம் 7

21 விநாடியில் காலாவதி, 8 சேர்த்தால் 29, இரண்டு கணக்கிலும் முன்னால் வந்துவிடுகிறது. இன்னும் குறைக்கவும் சில சுவிட்சுகள் அனுமதிக்கும். ஆனால் எதிர்முனைச் சுவிட்சின் சிபியு கொஞ்ச நேரம் திணறினாலே செய்திகள் தவறும், நல்ல லிங்கை நாமே மூடிக்கொள்ள நேரிடும். 7இல் நின்றுகொள்வது நல்லது.

போட்டு முடித்ததும் ஷோ யூடிஎல்டி நெய்பர்ஸ், பிறகு அந்தந்த இன்டர்ஃபேஸுக்கு ஷோ யூடிஎல்டி. பைடைரெக்ஷனல் (இருவழி) என்று வர வேண்டும், எதிர்முனையின் பெயரும் போர்ட்டும் நீங்கள் எதிர்பார்ப்பதாக இருக்க வேண்டும். அன்நோன் என்று இருந்தால் எதிர்முனையில் போடவில்லை, அல்லது நடுவில் ஏதோ விழுங்குகிறது. யூடிஎல்டி போவது சிடிபி (சிஸ்கோ சாதனங்கள் ஒன்றையொன்று அறிமுகப்படுத்திக்கொள்ளும் நெறிமுறை) போகும் அதே மல்டிகாஸ்ட் முகவரியில். நடுவில் இன்னொரு சிஸ்கோ சுவிட்ச் இருந்தால் அது அங்கேயே வாங்கிக்கொள்ளும். வேறு நிறுவனத்தின் சாதாரண சுவிட்ச் இருந்தால் எல்லாப் பக்கமும் பரப்பிவிடும், ஒரே போர்ட்டில் பல நெய்பர்கள் தெரிவார்கள். சேவை நிறுவனத்திடம் வாங்கிய லேயர் 2 லிங்க் என்றால் அவர்கள் தம் பக்கத்தில் யூடிஎல்டியை டனல் செய்து, அதாவது எதிர்முனை வரை அப்படியே கடத்தி, தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கேட்காமல் அக்ரெசிவ் போடாதீர்கள்.

அறுத்துப் பாருங்கள்

பராமரிப்பு நேரம் கேட்டு வாங்கி, ஒருமுறை நிஜமாகவே சோதியுங்கள். டூப்ளெக்ஸ் எல்சி கனெக்டரின் கிளிப்பைக் கழற்றி ஒரே ஒரு இழையை மட்டும் உருவுங்கள். நேரடி ஃபைபரில் பெரும்பாலும் இரு பக்கமும் உடனே டவுன் ஆகும், அது வன்பொருள் செய்த வேலை, யூடிஎல்டி வேலை செய்ததற்கு அது சாட்சி அல்ல. யூடிஎல்டியைச் சோதிக்க வேண்டுமானால் கன்வர்ட்டர் இருக்கும் லிங்கில் இழையை உருவுங்கள், அல்லது சோதனைக்காக மட்டும் நெகோஷியேஷனை நிறுத்துங்கள், முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து எத்தனை விநாடியில் போர்ட் மூடியது என்று எழுதி வையுங்கள். உருவிய இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று மட்டும் பார்க்கவே கூடாது. அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, தெரியாததால் கண் தானாகச் சிமிட்டிக்கொள்ளவும் செய்யாது. பவர் மீட்டரை வையுங்கள்.

யூடிஎல்டி இல்லாத சுவிட்சில் சந்தேகம் வந்தால் கையாலும் பார்க்கலாம். இரு முனையிலும் எல்எல்டிபி (எந்த நிறுவனச் சாதனமும் தன்னை அடுத்ததற்கு அறிமுகப்படுத்தும் பொது நெறிமுறை) நெய்பர் பட்டியலை எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எதிர்முனை தெரிந்தால், தெரியாத பக்கத்தின் ஆர்எக்ஸ் (வாங்கும்) வழிதான் போயிருக்கிறது. எல்எல்டிபி தகவல் பொதுவாக 120 விநாடி வரை நினைவில் இருக்கும் என்பதால் பழுது வந்த உடனே பார்த்து ஏமாறாதீர்கள். அப்புறம் எஸ்எஃப்பியின் ஆர்எக்ஸ் பவர். 10 கிகாபிட் எல்ஆர் (நீண்ட தூர வகை) என்றால் மைனஸ் 14.4 டிபிஎம்முக்குக் கீழே போனால் வரம்பைத் தாண்டிவிட்டது, மைனஸ் 40 என்று காட்டினால் வெளிச்சமே இல்லை. ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் பாதை பகிரும் நெறிமுறை) ஓடும் லிங்கில் நெய்பர் இனிட் நிலையிலேயே நின்றால் அதுவும் இதே அடையாளம்தான்: அவர் ஹலோ எனக்கு வருகிறது, அதில் என் பெயர் இல்லை.

ஈதர்சேனலில், அதாவது பல லிங்குகளை ஒன்றாகக் கட்டிய சேனலில், நிறையப் பேர் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் தனியாகச் சொல்கிறேன். மோட் ஆன் என்று நெகோஷியேஷன் இல்லாமல் கட்டிய சேனலில் ஒரு லிங்க் ஒருவழியானால் சேனல் விழாது. முகவரிக் கணக்கின்படி (ஹாஷ்) அந்த லிங்குக்கு ஒதுங்கும் உரையாடல்கள் மட்டும் காணாமல் போகும். ஒருவருக்குச் சர்வர் திறக்கும், பக்கத்து மேசைக்காரருக்குத் திறக்காது, கம்ப்யூட்டரை மாற்றினால் சரியாகிவிட்டது போலத் தோன்றும். இரு முனையும் பேசி ஒத்துக்கொண்டு சேனல் கட்டும் எல்ஏசிபியில் கட்டுங்கள், முடிந்தால் ஃபாஸ்ட் டைமர் போடுங்கள். விநாடிக்கு ஒரு செய்தி, 3 விநாடியில் அந்த லிங்க் மட்டும் சேனலில் இருந்து கழன்றுவிடும். இயல்பான ஸ்லோ டைமரில் அதற்கு 90 விநாடி ஆகும்.

ஸ்பேனிங் ட்ரீயின் லூப் கார்டு வசதியைப் போட்டால் யூடிஎல்டி வேண்டாமா என்று கேட்பார்கள். இரண்டும் வேண்டும். பிபிடியு வருவது நின்றால் போர்ட்டைத் திறக்காமல் நிறுத்தி வைப்பது லூப் கார்டு, எதிர்முனையின் ஸ்பேனிங் ட்ரீ மென்பொருள் கோளாறால் பிபிடியு அனுப்பாமல் போனாலும் காப்பாற்றும், யூடிஎல்டிக்கு அது தெரியாது. மாறிச் செருகிய இழையையும் சேனலுக்குள் இருக்கும் ஒற்றை லிங்கையும் யூடிஎல்டிதான் தனித்துப் பிடிக்கும், லூப் கார்டு மொத்தச் சேனலையும் நிறுத்திவிடும். ஹுவாவே, எச்3சி சுவிட்சுகளில் டிஎல்டிபி என்றும், எச்பி புரோகர்வில் லிங்க் கீப்அலைவ் என்றும் இதே வேலைக்கு வேறு பெயர்கள். ஒன்று மற்றொன்றோடு பேசாது, அதனால் இரு முனையும் வெவ்வேறு நிறுவனம் என்றால் எல்ஏசிபி ஃபாஸ்ட், அல்லது லேயர் 3 (ஐபி ரூட்டிங்) லிங்காக மாற்றி பிஎஃப்டி (இரு முனையும் அடிக்கடி பேசி லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறை), இவைதான் நடைமுறையில் கைகொடுக்கும்.

போர்ட் மூடிவிட்டால்

லாகில் யூடிஎல்டி இந்த இன்டர்ஃபேஸை நிறுத்தியது என்று தெளிவாக வரும். உடனே ஷட், நோஷட் (போர்ட்டை மூடித் திறக்கும் கட்டளைகள்) கொடுத்து எழுப்பத்தான் கை போகும், வேண்டாம். மாற்றுப்பாதையில் டிராஃபிக் ஓடுகிறது என்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. இரு முனை ஆர்எக்ஸ் பவரைப் பாருங்கள், கனெக்டரைத் துடையுங்கள், பேட்ச் கார்டை மாற்றுங்கள், பேட்ச் பேனலில் யாராவது அன்று கை வைத்தார்களா என்று கேளுங்கள், கன்வர்ட்டர் இருந்தால் மின்சாரம் எடுத்துப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு யூடிஎல்டி ரீசெட் கொடுத்தால் அது மூடிய போர்ட்டுகள் மட்டும் திரும்ப எழும்.

தானாக எழும்ப வைக்க எர்ர்டிஸேபிள் ரிகவரி காஸ் யூடிஎல்டி என்று ஒரு வரி உண்டு, இயல்பான இடைவெளி 300 விநாடி. மாற்றுப்பாதை உள்ள அப்லிங்க்குகளில் நான் இதைப் போடுவதில்லை, பழுதான லிங்க் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து விழுந்து நெட்வொர்க்கை உலுக்கும். ஒரே லிங்கில் தொங்கும் தொலைதூரக் கிளைக்கு மட்டும் போடுவேன், அங்கே அக்ரெசிவ்வும் வேண்டாம், நார்மல் போதும், ஏனென்றால் அந்தப் பக்கத்துப் போர்ட் மூடிக்கொண்டால் திறக்க ஆள் வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். எழுந்த பிறகு இரு முனையிலும் பைடைரெக்ஷனல் வந்ததா, மேற்கு சுவிட்சின் போர்ட் பழையபடி பிளாக்கில் போய் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு மாற்ற வேலையை மூடுங்கள்.